ஆட்சேபனை இல்லை

ஊர்காவற்றுறை
12.05.2008

சுலக்சன்,

நீர் எங்கள் ஊரின் பெயரைக் கொடுத்துவிட்டீர். கொடுக்கச் சொல்லி நாற்பத்து மூன்று பேர் கூடிச் சம்மதித்தார்கள் என்று பொய்யும் எழுதிவிட்டீர்.

சுகம் கேட்க மாட்டேன். தொலைபேசியில் இதைத் தொடங்கினாலே உமக்குக் குரல் விளங்காமல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை கடைப் பிரின்டருக்கு மை வாங்க யாழ்ப்பாணம் போனேன். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. இன்டர்நெட் கடையில் அரை மணித்தியாலம் எடுத்து, நீர் ஜனவரியில் சொன்ன பதிவகத்தின் பக்கத்தைத் திறந்தேன். நாட்டின் இணையப் பெயர்களையெல்லாம் வைத்திருந்து, கேட்பவர்களுக்குப் பதிந்து கொடுக்கும் இடம் என்று நீர்தான் விளக்கினீர். அடுத்த வருடம் தமிழ் எழுத்திலும் பெயர் பதியலாம் என்றீர். ஊர்ப் பெயர்களை யாருக்குக் கொடுப்பதென்று மக்களைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள், அந்தக் கேட்கும் வேலையை எங்கள் நிறுவனம் ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறது, தீவகத்துக்கு நான் பொறுப்பு என்றீர். என் கடைக் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு சொன்னீர்.

அறிக்கை பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். 17.01.2008 காலை பத்து மணி, ஊர்காவற்றுறை தேவாலயப் பங்கு மண்டபம், நாற்பத்து மூன்று பேர். ஊர்ப் பெயர்களை ஊரவருக்கென்று ஒதுக்கிவைக்கத் தேவையில்லை, முதலில் விண்ணப்பிப்பவருக்கே கொடுக்கலாம் என்று ஏகமனதாகச் சொன்னார்களாம். ஆங்கிலத்தில் இருந்தது. பிழையாக வாசிக்கிறேனோ என்று மூன்று தரம் வாசித்தேன்.

எந்தக் கூட்டம்? அன்று மண்டபம் பூட்டிக் கிடந்தது. கூட்டம் வைக்க அனுமதி வரவில்லை என்று நீர் படியில் நின்று நகம் கடித்தீர். பிறகு ஒரு கட்டுப் படிவத்தை என் மேசையில் வைத்து, “கம்பியூட்டர் பற்றின சின்ன விசாரணைதான், கடைக்கு வாற ஆக்களிட்டைக் கையெழுத்து வாங்கித் தாரும்” என்று சொல்லிவிட்டுப் பதினொரு மணி பஸ் ஏறினீர். அடுத்த நாள் காலை வந்து கட்டைத் தூக்கிக்கொண்டு போனீர். இதற்குப் பெயர் கூட்டமா?

படம் வேறு. ‘ஆர்வத்துடன் பங்குபற்றும் தீவக மக்கள்.’ அது குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு வள்ளத்துக்கு நிற்கும் வரிசை. எல்லார் கையிலும் அடையாள அட்டை. முன்னுக்கு நிற்பது எங்கள் செபஸ்தியம்மா மாமி. அவ மகள் வீட்டுக்குக் கோழி கொண்டுபோக நின்றவ. பையிலிருந்து கோழியின் தலை எட்டிப் பார்க்கிறது. நீர் பஸ்ஸுக்குள் இருந்து எடுத்திருக்கிறீர், கண்ணாடியின் கீறல் குறுக்கே விழுந்திருக்கிறது.

பன்னிரண்டாம் பக்கத்தில் பெயர் கேட்டவர்களின் பட்டியல். நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, அல்லைப்பிட்டி, எல்லாவற்றையும் ஒரே சுற்றுலா நிறுவனம் கேட்டிருக்கிறது. அல்லைப்பிட்டியில் என்ன சுற்றுலா? எங்கள் கரையில் வலை காயப்போடவே நாங்கள் அனுமதித் துண்டு வாங்க வேண்டியிருக்கிறது.

என் கொப்பியை நீர் பார்த்தீர். எங்கள் அல்லைப்பிட்டியின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். இரண்டாயிரத்து ஆறில் சண்டையில் ஊர் கலைந்த பிறகு எந்த வீட்டார் எங்கே என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதியது. அதை ஊரின் பெயரிலேயே ஒரு பக்கமாகப் போடவேண்டும் என்று உமக்குச் சொன்னேன். என் அக்கா ஜொய்சி படகேறி இந்தியாவுக்குப் போய் இருபது மாதம். எந்த முகாம் என்று தெரியாது. ஊருக்கு வந்த கடிதங்கள் ‘ஆள் இல்லை’ என்று எழுதப்பட்டுத் திரும்பிப் போனவை. நான் இப்போது ஊர்காவற்றுறையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. முகாமில் யாராவது ஒரு கம்பியூட்டரைக் காட்டினால் அவள் எதை அடிப்பாள்? ஊரின் பெயரைத்தான். அங்கே ஹோட்டல் அறையின் விலை வந்தால் அவள் என்ன செய்வாள்?

கூட்டம் நடக்கவில்லை என்று பதிவகத்துக்கு எழுதும். ஓகஸ்ட் முப்பத்தொன்று வரை கருத்துச் சொல்லலாம் என்று போட்டிருக்கிறது.

ஜெனீற்றா


வெள்ளவத்தை
30.05.2008

ஜெனீற்றாவுக்கு,

உம்முடைய கடிதம் எட்டு நாளில் வந்தது. உறையின் ஒரு பக்கம் வேறு பசையால் ஒட்டியிருந்தது. எழுதும்போது அதை நினைத்துக்கொள்ளும்.

அறிக்கையை நான் எழுதவில்லை. நான் கொடுத்தது ஒரு பக்கம். ‘கூட்டத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை, படிவங்கள் மட்டும் பெறப்பட்டன’ என்றுதான் எழுதினேன். அதைக் கூட்டமாக்கியவர் எங்கள் மேலாளர் குலசிங்கம் ஐயா. கேட்டேன். “தம்பி, கூட்டம் எண்டால் என்ன? ஆக்கள் வந்தவை, கையெழுத்து வைச்சவை. அதுக்குப் பேர் கூட்டம்தானே. மண்டபத்துக்கை நிண்டதோ வெளியிலை நிண்டதோ ஆருக்கு வேணும்?” என்றார். படமும் அவர் தெரிவுதான். நான் அதைச் சும்மா எடுத்தேன்.

ஆனால் நீர் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இத்துடன் ஒரு படிவத்தின் போட்டோக்கொப்பி வைத்திருக்கிறேன். சவிரிமுத்து அண்ணையுடையது. கடைசிக் கட்டத்தைப் பாரும். அதற்கு மேலே ஐந்து வரியில் அந்த யோசனை முழுதாக இருக்கிறது. ஊர்ப் பெயரை முதலில் கேட்பவருக்குக் கொடுக்கலாம், உமது ஆட்சேபனையை இங்கே எழுதவும் என்று. கட்டத்துக்குள் ‘ஆட்சேபனை இல்லை’ என்று எழுதியிருக்கிறது.

நாற்பத்து மூன்றிலும் அதுதான். ஒரே நீலப் பேனை. ஒரே கை. அந்தக் கையை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கணினி வகுப்பில் ஆறு மாதம் உமக்குப் பக்கத்தில் இருந்து உம்முடைய குறிப்பைப் பார்த்து எழுதியவன் நான்.

பொய் எழுதியது யார்?

சுலக்சன்


ஊர்காவற்றுறை
19.06.2008

சுலக்சன்,

ஓம். அது என் கை.

மூன்று நாள் அந்தத் தாளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். மாறவில்லை.

நீர் கொழும்புக்குப் போய் எட்டு வருடம், அதனால் எழுதுகிறேன். இங்கே கடலுக்குப் போகக் கடற்படையின் பாஸ் வேண்டும். மாதா மாதம் புதுப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தின் அடியில் கிராமத்து விதானையார் ‘ஆட்சேபனை இல்லை’ என்று எழுதுவார், சங்கத் தலைவர் எழுதுவார், பங்குத்தந்தை எழுதுவார். அந்த இரண்டு சொல் இல்லாமல் வள்ளம் இறங்காது. பாஸ் மட்டுமில்லை, உறவினர் வந்து தங்க, வீட்டுக்குத் தகரம் போட, பிரேதம் கொண்டுவர, எல்லாவற்றுக்கும் அதுதான். என் கடையில் நாளுக்கு முப்பது தரம் எழுதுகிறேன். கட்டத்தைக் கண்டால் கை தானாக எழுதும். நான் யோசிப்பதில்லை.

அன்று பின்னேரம் பாஸ் புதுப்பிக்க வந்தவர்கள்தான் அந்த நாற்பத்து மூன்று பேரும். பாஸ் படிவத்துக்குக் கீழே உம்முடையதை வைத்தேன்.

“பிள்ளை, ரெண்டாவது போம் என்னத்துக்கு?” என்று சவிரிமுத்து அண்ணை கேட்டார்.

“கொழும்பிலை கம்பியூட்டர் பற்றிக் கேக்கினம்.”

“அதிலை கையெழுத்து வைச்சால் ரெண்டு மைல் தள்ளிப் போக விடுவினமோ?”

“இல்லை அண்ணை, அது வேறை.”

“வைக்காட்டிப் பாஸை மறிப்பினமோ?”

“சீ, அதுவும் இல்லை.”

“எதுக்கும் வைச்சு விடுவம். எங்கை, காட்டு.”

அந்த ஐந்து வரியை நான் வாசிக்கவில்லை. வாசித்திருக்கலாம். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றுதானே ஊரே என்னிடம் வருகிறது.

ஆனால் உம்மை விட்டுவிடவில்லை. ஆங்கிலம் தெரியாத நாற்பத்து மூன்று பேரிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பதற்கு உங்கள் நிறுவனம் காசு வாங்கியிருக்கிறது. அது என்ன என்று எனக்குச் சொல்லாமல் ‘சின்ன விசாரணை’ என்றது நீர்.

இந்தக் கிழமை ஒவ்வொரு வீடாகப் போனேன். நான் பிழை விட்டுவிட்டேன், இப்போது ஆட்சேபனை என்று மாற்றி எழுதிக் கொடுங்கோ என்று கேட்டேன். பெயரும் விலாசமும் எல்லாரும் பார்க்கும்படி போடுவார்கள் என்பதையும் சொன்னேன். மறைக்கவில்லை.

சவிரிமுத்து அண்ணை வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. “என்ரை பேரும் விலாசமும் உலகம் முழுக்கத் தெரியுமோ?”

“ஓம்.”

“ஆட்சேபனை எண்டு போட்டோ?”

“ஓம்.”

“எடி பிள்ளை, இந்த ஊரிலை ஆட்சேபனை எண்டு எழுதின ஒருத்தனைக் காட்டு பாப்பம். உயிரோடை காட்டு.”

செபஸ்தியம்மா மாமியிடம் படத்தைக் காட்டினேன். “கோழி நல்ல வடிவாய் விழுந்திருக்கு” என்றா. பிறகு முகம் மாறிவிட்டது. “என்ரை முகத்தை அதிலையிருந்து எடுக்கச் சொல்லு. அன்ரனிதாசைத் தேடி வந்தவையும் ஒரு படத்தோடைதான் வந்தவை.” அன்ரனிதாஸ் அவவின் மகன். மிச்சத்தை எழுதவில்லை. உறையைத் திறப்பவர்களுக்கும் தெரியும்.

உங்கள் ஊரில் பெயரை வெளியில் போட்டால் நேர்மை என்கிறார்கள். இங்கே வாசலில் பெயர்ப்பலகைகூட ஒருவரும் வைப்பதில்லை. விதியை நன்றாக வாசித்துச் சொல்லும். பெயர் போடாமல் ஆட்சேபிக்க வழி இருக்கிறதா?

ஜெனீற்றா


வெள்ளவத்தை
08.07.2008

ஜெனீற்றாவுக்கு,

வழி இல்லை. விதி ஏழு. பெயரும் முகவரியும் இல்லாத கருத்தை எடுக்கமாட்டார்கள்.

பதிவகத்தில் இதற்குப் பொறுப்பான ஒரு அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தேன். கெட்டவர் இல்லை. முன்பு இப்படியான முடிவுகளை நாலு பேர் ஒரு அறைக்குள் எடுத்தார்களாம், ஏச்சு வாங்கினார்களாம். இனி யார் என்ன சொன்னார் என்று எல்லாருக்கும் தெரியவேண்டும், பெயரில்லாத கடிதத்தை யாரும் காசு கொடுத்து எழுதுவிக்கலாம் என்றார். அவர் சொல்வதும் சரி. உம்முடைய சவிரிமுத்து அண்ணை சொல்வதும் சரி. எனக்குத் தலை இடிக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று அனுமதிக்காக நான் பெரிதாக அலையவில்லை. பிரதேச செயலகத்தில் மத்தியானம் வரை நின்றிருந்தால் கிடைத்திருக்கலாம். நான் புங்குடுதீவுக்குப் போனேன். எங்கள் வீட்டைப் பார்க்க. பதினேழு வருடத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். கூரை இல்லை, கதவு நிலைகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குசினிக்குள் ஆடு நின்றது. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. குறிகட்டுவானுக்கு வந்து பஸ்ஸுக்குள் ஏறி இருந்தேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று அந்தப் படத்தை எடுத்தேன். நாலு மணிக்கே யாழ்ப்பாணம் திரும்பிவிட்டேன்.

இன்னொன்று. இதை வாசித்தவுடன் இந்தத் தாளை எரித்துவிடும். ஊர்ப் பெயர்களைக் கேட்கும் சுற்றுலா நிறுவனம் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. வாசலில் இரண்டு பலகை. முதலாளி ஒருவர்தான். பதிவகத்துக்கு இது தெரியாது. எனக்கே போன மாதம்தான், சம்பளக் கடித உறை மாறி வந்தபோது தெரிந்தது.

நீர் நினைப்பது விளங்குகிறது. என் நிலையையும் கேளும். நான் இருக்கும் லொட்ஜில் கிழமைக்கு ஒரு தரம் பொலிசார் வந்து பதிவைப் பார்க்கிறார்கள். ஏன் கொழும்பில் நிற்கிறாய் என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் இருப்பது நிறுவனத்தின் கடிதம் ஒன்றுதான். போன வருடம் அப்படிக் காட்ட ஒன்றுமில்லாதவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதில் என் அறைக்காரனும் ஒருவன். அவனுடைய செருப்பு இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

ஒரு வழி யோசித்தேன். பெயர் அவர்களுக்கே போகட்டும். மேல்மாடியில் எனக்கு ஒருவரைத் தெரியும். உம்முடைய பட்டியலைப் போட அவர்களுடைய தளத்தில் ஒரு மூலையில் இடம் கேட்டுத் தருகிறேன். இலவசமாக. அக்கா அதில் உம்மைக் கண்டுபிடிக்கலாம்தானே?

சுலக்சன்


ஊர்காவற்றுறை
25.07.2008

சுலக்சன்,

தாளை எரித்தேன். வாசித்ததை எரிக்க ஏலாது. ஆனால் அதை நான் எங்கும் எழுதமாட்டேன். எழுதவேண்டியவர் நீர்.

மூலை வேண்டாம். புங்குடுதீவுச் சந்தியில் உம்முடைய பெரியப்பாவின் கடையில் எங்கள் ஆட்களுக்குச் சாமான் பக்கத்து யன்னலால் வரும். முன்வாசலால் ஏறினால் கணக்குப்பிள்ளை தண்ணீர் தெளிப்பான். என் அப்பா சொல்லிச் சிரிப்பார், “எங்கடை மீனுக்கு முன்வாசல், எங்களுக்கு யன்னல்.” நீர் அப்படியானவர் இல்லை, வகுப்பில் என் சாப்பாட்டுப் பெட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டவர் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். இப்போது எங்கள் ஊரின் பெயருக்குள்ளேயே எங்களுக்கு ஒரு யன்னல் திறந்துவிடுகிறீர். ஹோட்டல் விளம்பரத்துக்குக் கீழே ஜொய்சி என்னைத் தேட வேண்டும், அப்படியா?

நான் வேறு வழி கண்டேன். கண்டது நானில்லை, சவிரிமுத்து அண்ணை.

பாஸ் புதுப்பிக்க வந்தவர், “எடி, நீ கேட்ட நாள் என்ன நாள்?” என்றார். ஜனவரி பதினேழு என்றேன். பழைய பாஸ் அட்டையை எடுத்து மேசையில் போட்டார். “பார். காலமை ஆறுக்கு முத்திரை, மத்தியானம் ஒண்டுக்கு முத்திரை. பத்து மணிக்கு நான் கடலுக்கை. மண்டபத்துக்கை நிண்டதெண்டால் அவங்கடை முத்திரை பொய்யே?”

“அண்ணை, இதை எழுதித் தருவியளோ?”

“ஆட்சேபனை எண்டு எழுதமாட்டன். கடலுக்குப் போனனான் எண்டு எழுது. அதுக்கு ஆரும் என்னைப் பிடிக்க ஏலாது. கடலுக்குப் போக விட்டதே அவையள்தானே.”

அடுத்த மூன்று நாளில் பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒருவர் அட்டையை வெற்றிலைப் பையிலிருந்து எடுத்தார், முத்திரையில் பாக்குக் கறை. ஒருவரும் எதையும் ஆட்சேபிக்கவில்லை. ‘அன்று காலை பத்து மணிக்கு நான் கடலில் இருந்தேன்’ என்று பத்தொன்பது தரம் எழுதினேன். இந்த முறை தமிழில் எழுதி, ஒவ்வொருவருக்கும் உரத்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். இந்தச் சனியன் பிடித்த பாஸ் எங்களுக்கு உதவியது இதுதான் முதல் தரம். கடை சிரிப்பாய்க் கிடந்தது. நானும் சிரித்தேன்.

ஆட்சேபனை என்று எழுதிய கடிதம் ஒன்றுதான். அது என்னுடையது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், எல்லாம் போட்டேன். படிவங்களை நிரப்பியது நான்தான், வாசிக்காமல் நிரப்பினேன் என்றும் எழுதினேன். எல்லாவற்றையும் பதிவகத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று.

ஜெனீற்றா


வெள்ளவத்தை
16.08.2008

ஜெனீற்றாவுக்கு,

உம்முடைய கடிதத்தைப் போட்டுவிட்டார்கள். பதிவகத்தின் பக்கத்தில் முழுதாக இருக்கிறது, பத்தொன்பது அட்டையின் படங்களோடு. ஒரு சொல்லும் வெட்டவில்லை. எங்கள் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டதையும் அங்கேயே போட்டிருக்கிறார்கள்.

குலசிங்கம் ஐயாவின் பதிலும் இருக்கிறது. ‘காலை பத்து’ என்பது தட்டச்சுப் பிழை, கூட்டம் பின்னேரம் ஐந்து மணிக்கு நடந்தது என்று. அந்த நேரம் எல்லோரும் கரையில்தானே.

பதிவகம் அதையும் அப்படியே எடுக்கவில்லை. கூட்டத்தை நடத்திய உத்தியோகத்தர் தன் பெயரில் வாக்குமூலம் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறது. செப்ரெம்பர் முப்பது வரை தவணை. அதற்குள் வராவிட்டால் நிறுவனத்தின் அறிக்கையை ஏற்றுக்கொண்டு பெயர்களைக் கொடுக்கத் தொடங்குவார்களாம்.

உத்தியோகத்தர் நான்தான்.

நேற்று ஐயா ஒரு தாளை அடித்துக்கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பின்னேரம் ஐந்து மணி, பங்கு மண்டபம், நாற்பத்து மூன்று பேர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. “அவசரமில்லைத் தம்பி. ஆனால் உம்மடை லொட்ஜுக் கடிதம் செப்ரெம்பர் முடிவோடை முடியுது என்ன? ரெண்டையும் ஒண்டாய்ச் செய்வம்” என்று சிரித்தார். தண்ணீர் குடிக்கச் சொல்லிப் போத்தலையும் நீட்டினார்.

இன்னும் வைக்கவில்லை. மேசை லாச்சிக்குள் இருக்கிறது. நான் ஒன்றும் எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாக ஆகாதுதானே? நீர் என்ன நினைக்கிறீர்?

சுலக்சன்


ஊர்காவற்றுறை
02.09.2008

சுலக்சன்,

நீர் எழுதாமல் விட்டாலும் பெயர் அவர்களுக்குப் போகும். அது உமக்குத் தெரியும். என்னிடம் ஏன் கேட்கிறீர்?

போன வெள்ளிக்கிழமை இருவர் கடைக்கு வந்தார்கள். சிவில் உடுப்பு. ஒருவர் நல்ல தமிழ் பேசினார். கையில் என் கடிதத்தின் அச்சுப் பிரதி.

“ஜெனீற்றா ஆர்?”

“நான்தான்.”

“விலாசம் சரியாய்த்தான் போட்டிருக்கிறியள். கஷ்டப்படாமல் வந்திட்டம்.”

ஊர்ப் பெயர் எனக்கு எதற்கு என்று கேட்டார். கலைந்த ஆட்களைச் சேர்க்க என்றேன். “எந்த ஆட்களை?” என்றார். கொப்பி மேசையில் கிடந்தது. புரட்டிப் பார்த்தார். மண்டபம் முகாம், மன்னார், ரொறன்ரோ என்று ஒவ்வொன்றாய்ச் சத்தமாக வாசித்தார். “நல்ல வேலை. வாசிச்சிட்டுத் தாறம்” என்று கொண்டுபோய்விட்டார்கள். இன்னும் தரவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் நானே எழுதி, நானே அவர்கள் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. நினைவிலிருந்து திரும்ப எழுதுகிறேன், நூற்று அறுபது வரை வந்திருக்கிறது. மிச்சத்தைக் கேட்கப் போனால் கதவு திறக்கிறார்கள் இல்லை. சவிரிமுத்து அண்ணை பாஸ் படிவத்தை வேலணைக்குக் கொண்டுபோய் நிரப்புகிறார். வழியில் கண்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்குகிறார். செபஸ்தியம்மா மாமி மட்டும் வந்தா. வந்து, “என்ரை வீட்டை அதிலை திரும்ப எழுதாதை பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனா.

எனக்குப் பயம். எழுத வெட்கமில்லை. கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நின்றால் எழுதிய தாளைப் படிவக் கட்டுக்குள் செருகுகிறேன். ஆனால் இவ்வளவும் கொடுத்த பிறகு பெயரும் போகவேண்டுமா?

மேல்மாடியைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. குலசிங்கம் ஐயாவைப் பற்றியும் எழுதத் தேவையில்லை. அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு நீர் யாழ்ப்பாணத்தில் இருந்தீர். கூட்டம் நடக்கவில்லை. அந்த ஒரு வரி போதும்.

ஜெனீற்றா


ஊர்காவற்றுறை
19.09.2008

சுலக்சன்,

பதில் இல்லை. தபால் பிந்துகிறது என்று பத்து நாள் என்னை நானே ஏமாற்றினேன். லொட்ஜுக்கு எடுத்தேன். “அவர் இருக்கிறார், வெளியிலை போயிட்டார்” என்றார்கள். இருக்கிறீர் என்பது நிம்மதி. அதையும் எழுதிவிடுகிறேன்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. விமானத்தில் கொழும்புக்கு வரும் ஒரு கன்னியர்மடத்துச் சிஸ்ரர் உம்முடைய கையில் தருவா. உறையை வேறு யாரும் திறந்திருக்கமாட்டார்கள். கிடைக்கவில்லை என்று நீர் சொல்லவும் ஏலாது.

உம்முடைய லொட்ஜுக் கடிதம் எனக்கு விளங்காதென்று நினைக்க வேண்டாம். ஒரு தாளுக்காக மனிதர் என்னவெல்லாம் எழுதுவார்கள் என்பதை நாளுக்கு முப்பது தரம் பார்க்கிறவள் நான். நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் உம்மைக் கேட்கிறேன். நான் என் பிழையைப் பெயர் போட்டுச் சொன்னேன், சொன்னதற்கு என்ன வந்தது என்பதும் உமக்குத் தெரியும். பத்தொன்பது பேர் தாங்கள் கடலில் இருந்ததைச் சொன்னார்கள். அன்று எங்கே இருந்தீர் என்று சொல்லாமல் இருப்பது நீர் ஒருவர்தான்.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. கீழே ஒரு படிவம் கீறியிருக்கிறேன். தமிழில்தான் இருக்கிறது, ஐந்து வரி வாசிக்கத் தேவையில்லை. பதிவகத்தின் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. உமக்காக நிரப்பக்கூடியதை நிரப்பிவிட்டேன், பழக்கதோஷம். நடுக் கட்டத்தை நான் தொடவில்லை. இனி ஒருவருடைய கட்டத்தையும் தொடமாட்டேன்.

நிரப்பி அனுப்பும்.

ஜெனீற்றா


பெயர்: அரியநாயகம் சுலக்சன்

பதவி: தீவகக் கலந்தாய்வு உத்தியோகத்தர்

17.01.2008 அன்று ஊர்காவற்றுறையில் கூட்டம் நடந்ததா?

............................................................

கையொப்பம்: ....................

திகதி: ....................